கிளை மாறிய மாதவராஜ்

காரிமங்கலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவில், சாலையோரம் அம்மன் பெயரில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே இருக்கும் அத்தனை கம்ப்யூட்டர்களுக்கும் பொறுப்பு மாதவராஜ். பதவியின் பெயர் சிஸ்டம் அட்மின். பொறுப்பு நிரந்தரம், வேலை மட்டும் தற்காலிகம். சேர்ந்த நாளிலிருந்தே இப்படித்தான். அவருக்குப் பிறகு வந்து சேர்ந்த தோட்டக்காரருக்குக்கூட நிரந்தர ஆர்டர் கிடைத்துவிட்டது. மாதவராஜுக்கு ஒவ்வொரு வருடமும் கிடைப்பது 'பார்க்கலாம்' மட்டும்தான்.

ஆனால் ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. கழுத்தில் அகலமான பட்டையில் அடையாள அட்டை, இடுப்பில் எதற்கென்று அவருக்கே தெரியாத சாவிகள் கோத்த கொத்து, நடையில் ஒரு அவசரம். நடக்கும்போதே "சர்வர் பக்கம் போறேன், அப்பறம் பேசலாம்" என்பார். சர்வர் பக்கம் போய் டீ குடிப்பார். சர்வர் ரூமில் மட்டும்தான் ஏ.சி. வேலை செய்யும்.

அவர் அந்தக் கல்லூரிக்குள் நுழைந்த கதை எல்லாருக்கும் தெரியும். மாணவர் சேர்க்கை நாளன்று பிரிண்டர் நின்றுபோய், சின்ன முதலாளி குரு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மாதவராஜைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து, பிரிண்டரை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, ஆழமாக யோசித்து, கழன்று கிடந்த ஒயரைச் செருகினார். பிரிண்டர் ஓடியது. "இனிமே நீ நம்மாளு" என்றார் குரு. அன்றிலிருந்து மாதவராஜ் சின்னவரு ஆள். ஆயுத பூஜைக்கு சர்வருக்குப் பொட்டு வைப்பதற்கு முன்னால் சின்னவர் படத்துக்கு மாலை போடுவார்.

வீட்டில் மனைவி கோகிலவாணி. காரிமங்கலத்தில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். அளவு கொடுக்க வருகிறவர்களிடம், "எங்க வூட்டுக்காரருக்கு அடுத்த மாசம் பெர்மனென்ட் ஆவுது" என்று சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் அவர்களே முந்திக்கொண்டு கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு நாளாவது ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. மாதவராஜுக்கோ அதைவிட்டால் வேறு ஆசையே கிடையாது.

இனி எல்டாப் (LDAP) என்ற ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. கல்லூரியில் வைஃபை, லேப் கம்ப்யூட்டர், லைப்ரரி, வாசலில் முகம் பார்த்துத் திறக்கும் கதவு என்று எது இருந்தாலும், வருகிற ஆள் யார் என்று அது ஒரு இடத்தில் விசாரிக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் டைரக்டரி. அங்கே எப்படிக் கேட்பது, எப்படிப் பதில் சொல்வது என்ற முறைக்குப் பெயர்தான் எல்டாப். அதில் ஆட்கள் ஒரு மரத்தின் கிளைகளில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருடைய முழுப் பெயர் என்றால் பெயர், அவர் இருக்கும் கிளை, அதற்கு மேலே கல்லூரி, எல்லாம் சேர்ந்தது. நம் ஊர்ப்பக்கம் புது ஆளைப் பார்த்தால் பெயரை மட்டும் கேட்டு விட்டுவிடுகிறோமா? எந்த வூட்டுப் பையன், எந்த ஊரு என்று வேர் வரைக்கும் போவோமே, அதே மாதிரிதான்.

முதலில் மாதவராஜ் அந்த மரத்தை ஒழுங்காகத்தான் கட்டினார். சிவில் ஒரு கிளை, மெக்கானிக்கல் ஒரு கிளை, ஆபீஸ் ஒரு கிளை. கட்டி முடித்ததும் பெரிய முதலாளிக்கு, அதாவது குருவின் அண்ணன் முனிராஜுக்குப் போட்டுக் காட்டினார். அங்கேதான் வந்தது வினை. பெரியவர் திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல நம்மாளு யாரு, தம்பி ஆளு யாருன்னு தெரியலையேப்பா."

"டிபார்ட்மென்ட் வாரியா போட்டிருக்குதுங்கய்யா."

"டிபார்ட்மென்ட்ட வெச்சு என்னா பண்றது? யாரு சொல்லி உள்ள வந்தான்னு தெரிய வேணாமா?"

வேறு யாராக இருந்தாலும் தலையைச் சொறிந்திருப்பார்கள். மாதவராஜுக்கு அது நியாயமாகவே பட்டது. அந்தக் கல்லூரியில் ஒரு லெக்சரர் சிவிலா மெக்கானிக்கலா என்பது அவருக்கே சில சமயம் மறந்துபோகும். யார் ஆள் என்பது மறக்கவே மறக்காது. ஒரே வாரத்தில் மரத்தைப் பிரித்து மறுபடி கட்டினார். பெரியவர் கிளை ஒன்று, சின்னவர் கிளை ஒன்று. யாராலும் கொண்டுவரப்படாமல், வேலை தெரியும் என்ற ஒரே காரணத்தால் உள்ளே வந்தவர் யாராவது உண்டா என்று தேடினார். அப்படி ஒருவர்கூட அகப்படாததால் மூன்றாவது கிளை தேவைப்படவில்லை. தன்னைச் சின்னவர் கிளையில் முதல் ஆளாக வைத்துக்கொண்டார்.

வருடத்துக்கு ஒரு முறை சர்வரைப் பார்க்க ஓசூரிலிருந்து சங்கர் என்று ஒரு இன்ஜினியர் வருவான். அவன் இந்த மரத்தைப் பார்த்து அரண்டுபோனான்.

"சார், மாறுற விஷயத்த மரத்துல வெக்கக்கூடாதுங்க. யாரு ஆளுங்கறத ஆளுக்குப் பக்கத்துல ஒரு குறிப்பா வெச்சுக்குங்க. கிளையே அதுன்னு வெச்சா, ஆளு கட்சி மாறினா அவரு முழுப் பேரே மாறிடும். அப்பறம் பழைய பேர நம்பி இருக்கற இடமெல்லாம் படுத்துக்கும்."

மாதவராஜ் சிரித்தார். "தம்பி, எங்க காலேஜ்ல டிபார்ட்மென்ட் மாறும், பிரின்சிபால் மாறுவாரு, சிலபஸ் மாறும். யாரு ஆளுங்கறது மட்டும் மாறவே மாறாது."

சங்கர் டீயைக் குடித்துவிட்டு ஓசூர் பஸ் ஏறினான்.

கல்லூரி நாள் வந்தது. வாசலில் வைத்த பேனரில் பெரியவர் முகம் பூசணிக்காய் அளவுக்கும், சின்னவர் முகம் அவருடைய தோளுக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்கும் இருந்தன. சின்னவர் விழாவுக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். மறுநாள் அவர் ஆட்கள் பேனரைக் கிழித்தார்கள். அதற்கு மறுநாள் பெரியவர், சின்னவருடைய அறைப் பூட்டை மாற்றினார். படித்தவர்கள் நடத்தும் நிறுவனம் என்பதால் இரண்டு தரப்பும் வாட்ஸ்அப்பில்தான் திட்டிக்கொண்டன.

பெரியவர் மாதவராஜைக் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ராஜு, அந்தக் கிளை காலியாவணும். அவன் ஆளுங்க ஒவ்வொருத்தனும் தானா உன்கிட்ட வந்து, என் பக்கம் மாத்தச் சொல்லிக் கேக்கணும். கேட்டு வர்றவன மட்டும் சேத்துக்க. எவன் வர்றான்னு நான் பாக்கணும். இத முடிச்சுக் குடு, அடுத்த மாசம் உனக்கு ஆர்டர்."

"நானுங்கய்யா?" என்றார் மாதவராஜ். தானும் அந்தக் கிளையில்தான் இருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நீதான் மொதல்ல."

சாப்பாட்டு நேரம் வரைக்கும் மாதவராஜுக்கு மனசு கேட்கவில்லை. சின்னவர் அல்லவா வேலை கொடுத்தவர்? சாப்பிட்ட பிறகு கேட்டது. மாற வேண்டியவர்களின் வரிசையில் முதல் பெயராகத் தன் பெயரைப் போட்டார்.

அடுத்த சில நாட்கள் மாதவராஜின் வாழ்க்கையிலேயே பொற்காலம். விஷயம் எப்படியோ கசிந்து, அதுவரை சர்வர் ரூம் பக்கம் எட்டிப் பார்க்காத பேராசிரியர்கள் போண்டாப் பொட்டலத்தோடு வந்தார்கள். வருகிறவர்கள் நேரடியாகக் கேட்க மாட்டார்கள். முதலில் ஏ.சி.யைப் பாராட்டுவார்கள். பிறகு மாதவராஜின் பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேட்பார்கள். அதற்கும் பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம பேரு எந்தப் பக்கம் இருக்குதுன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். சின்னவர் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற மெக்கானிக்கல் தலைவர்கூட வந்தார். "எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான், இருந்தாலும் பெரியவரு பக்கமே போட்ருங்க" என்றார். மாதவராஜ் கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்து, "கொஞ்சம் கஷ்டம், முயற்சி பண்றேன்" என்பார். கஷ்டமெல்லாம் ஒன்றுமில்லை, ஒரே ஒரு வரிக் கட்டளைதான்.

வராதவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். வாட்ச்மேன் நாகன், காது கேட்காத ஒரு பிசிக்ஸ் வாத்தியார், இப்படி. கம்ப்யூட்டர் லேபில் உதவியாளராக இருக்கும் சந்தியாவும் வரவில்லை. சித்தேரி மலையிலிருந்து படித்து இறங்கி வந்த பெண் அவள். அவளுக்கு வேலை கொடுத்தவர் சின்னவர். மாதவராஜ் பெரிய மனசு பண்ணி, தானே லேபுக்குப் போனார்.

"என்னாம்மா, நீ மாறலியா? எல்லாரும் மாறிட்டாங்க."

"இல்லீங்க சார்."

"பின்னாடி கஷ்டப்படுவே. உன் நல்லதுக்குச் சொல்றேன்."

சந்தியா கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். முறுக்குத் துணுக்குகளாகக் கொட்டின. "அண்ணந் தம்பி சார் அவங்க. இன்னிக்கு அடிச்சிக்குவாங்க, நாளைக்குக் கட்டிப் புடிச்சிக்குவாங்க. நான் எதுக்கு அங்க ஒரு தடவ, இங்க ஒரு தடவன்னு ஓடிக்கினு? எனக்கு லேப் தொடைக்கற வேல கெடக்குது."

"பொழைக்கத் தெரியாத பொண்ணு" என்று சொல்லிவிட்டு மாதவராஜ் திரும்பினார். மனசாரத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கல்லூரியில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது உட்கார்ந்து, கேட்டு வந்த அத்தனை பேரையும் ஒரே மூச்சில் பெரியவர் கிளைக்கு மாற்றினார். தன்னை முதலில் மாற்றிக்கொண்டார். சின்னவர் கிளையையே அழித்துவிட்டால் பெரியவர் குளிர்ந்துபோவார் என்று அதையும் செய்து பார்த்தார். கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. இந்தக் கிளையின் கீழே இன்னும் ஆள் இருக்கிறது, அழிக்க முடியாது என்றது. அந்தக் கல்லூரியில் அப்படி ஒரு வார்த்தையை அதுவரை எந்த அதிகாரியும் சொன்னதில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டு, வைஃபையைச் சோதித்தார். வேலை செய்தது. வைஃபை ஆளின் பெயரைச் சொல்லி மரம் முழுவதும் தேடும், எந்தக் கிளையில் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும். வாசல் கதவு அப்படியல்ல. உள்ளே விட வேண்டியவர்களின் பெயர்களைக் கிளையோடு சேர்த்து முழுசாக வைத்துக்கொண்டு, அதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கும். அதைச் சோதிக்க வேண்டும் என்று மாதவராஜுக்குத் தோன்றவில்லை. கதவு அகலத் திறந்து கிடந்தது, ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்.

"வாணி, வேல முடிஞ்சுது" என்று வீட்டுக்குப் போனதும் சொன்னார். கோகிலவாணி அன்று சாயங்காலமே பக்கத்துக் கடைக்காரிகளுக்கு மைசூர்பாகு கொடுத்துவிட்டாள்.

அதே ஞாயிற்றுக்கிழமை தீர்த்தமலையில் வேறொன்று நடந்தது. முதலாளிகளின் ஒரே தங்கை பானுமதியின் குழந்தைக்கு அங்கே மொட்டை. மொட்டை போட்டுக் காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமன் இரண்டு பேர், ஆளுக்கொரு காரில் வந்து ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். குழந்தையை யார் மடியில் வைப்பது? பானுமதி குழந்தையைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒரே பாய்ல உக்காந்தாத்தான் கத்தி படும். இல்லன்னா எம்புள்ள முடியோடவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒட்டி உட்கார்ந்தார்கள். குழந்தை ஒருவர் மடியில் தலையும் இன்னொருவர் மடியில் காலுமாகக் கிடந்து கத்தியது. அது கத்தக் கத்தப் பெரியவர் அழுதார், அவரைப் பார்த்துச் சின்னவர் அழுதார். "உனக்குத் தெரியாம உன் ஆளு ஒருத்தனத் தொட்டிருப்பேனாடா?" என்று பெரியவர் சத்தியம் செய்தார். அங்கே இருந்தவர்கள் எல்லாருக்கும் கண் கலங்கியது. இது எதுவும் காரிமங்கலத்துக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை அண்ணனும் தம்பியும் ஒரே காரில் கல்லூரிக்கு வந்தார்கள். வாசலில் கூட்டம். பேராசிரியர்கள், ஆபீஸ் ஆட்கள், லைப்ரேரியன் என்று எல்லாரும் வெயிலில் நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் அந்தக் கதவுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார் ஒருவர். தலை சீவிக் காட்டினார் இன்னொருவர். கதவு யாரையும் கண்டுகொள்ளவில்லை. கூட்டத்தின் முன்னால் சாவிக் கொத்தோடு நின்றவர் மாதவராஜ். அத்தனை சாவியில் ஒன்றுகூட அந்தக் கதவுக்கு ஆகாது.

"என்னா நாகா, என்னா கூட்டம்?" என்று காரிலிருந்து இறங்கிக் கேட்டார் சின்னவர்.

நாகன் சல்யூட் அடித்துவிட்டு, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் உள்ளது உள்ளபடி சொன்னான். "மாதவராஜ் சாருகிட்டச் சொல்லி உங்க பக்கத்துலருந்து பெரியய்யா பக்கம் மாறினவங்களுக்கு மட்டும் தொறக்க மாட்டேங்குதுங்க. எனக்குத் தொறக்குதுங்க. அந்த லேப் பொண்ணும் உள்ள பூடுச்சிங்க."

மெக்கானிக்கல் தலைவர் வானத்தைப் பார்த்தார். மற்றவர்கள் செல்போனைப் பார்த்தார்கள். சின்னவர் கூட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். எல்லாம் அவருடைய ஆட்கள். பார்த்து முடித்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

பெரியவர் நெற்றியில் தீர்த்தமலைத் திருநீறு இன்னும் இருந்தது. முந்தின நாள் சத்தியமும் இன்னும் ஆறியிருக்காது. அவர் முகம் கறுத்தது. மாதவராஜைப் பார்த்தார்.

"யார்ரா உன்ன மாத்தச் சொன்னது?"

மாதவராஜ் வாயைத் திறந்தார். 'நீங்கதானுங்கய்யா' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொல்லிவிட்டால் ஆர்டர் போய்விடும் என்று கணக்குப் போட்டு விழுங்கினார். பாவம், ஆர்டர் எப்போதோ போய்விட்டது. "தெரியாமப் பண்ணிட்டேனுங்கய்யா" என்றார்.

"வுடுண்ணா, அவன் என்னா பண்ணுவான்" என்று சின்னவர் அண்ணன் தோளில் கை போட்டார். அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. ஆனால் நேற்றுத்தான் ஒன்று சேர்ந்த அண்ணனை இன்று எதற்கு இழப்பது? கேட்காமல் விட்ட கேள்வி முழுவதும் மாதவராஜின் தலையில் இறங்கியது.

மற்ற எல்லாரையும் அண்ணனும் தம்பியும் மன்னித்துவிட்டார்கள். வகுப்பெடுக்க ஆள் வேண்டுமே. அவர்கள் கட்சி மாறினார்கள், அது வழக்கம்தான். மாதவராஜ் செய்தது வேறு. மாறினவர்கள் யார் யார் என்பதை வாசலில் வரிசையாக நிறுத்திக் காட்டிவிட்டார். அதுவும் பெரியவரின் சத்தியம் ஒரு நாள்கூட நிற்காதபடி.

அன்றே புது உத்தரவு வந்தது. இனி பெரியவர் ஆள், சின்னவர் ஆள் என்ற பேச்சே கூடாது. மரத்தை டிபார்ட்மென்ட் வாரியாகப் பழையபடி கட்ட வேண்டும். ஒவ்வொரு பெயரையும் அந்தந்தத் துறைத் தலைவர் சரி என்று சொன்ன பிறகே வைக்க வேண்டும். மேற்பார்வைக்குக் கம்ப்யூட்டர் துறைத் தலைவர் நிர்மலா மேடம், தனக்குத் திறந்த கதவில் மாதவராஜையும் உள்ளே கூட்டிப்போய், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாதவராஜ் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார். ஒவ்வொருவராக அவரவர் இடத்தில் வைத்து, வாசல் கதவுக்கும் புதுப் பெயரைச் சொல்லிக் கொடுத்தார். வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு பெயர் மிச்சம்.

"மேடம், என்ன உங்க டிபார்ட்மென்ட்ல போட்டுக்கலாங்களா?"

"நீங்க டீச்சிங் ஸ்டாஃப் இல்லீங்களே" என்றார் நிர்மலா மேடம். சந்தியா லேப் உதவியாளர், அது முறையான பணியிடம், அதனால் அவள் அந்தக் கிளையில் இருந்தாள்.

ஆபீஸ் மேனேஜருக்குப் போன் போட்டார். "டெம்பரரி ஆளுங்கள நாங்க சேக்கறதில்லீங்க" என்றார் மேனேஜர். முந்தின வாரம் போண்டா வாங்கி வந்தவர் அவர்.

பெரியவரிடம் போனார். "அவன் தம்பி கொண்டாந்த ஆளு" என்று சொல்லியனுப்பினார் பெரியவர். சின்னவரிடம் போனார். "அண்ணன்கிட்டப் போனவன்தானே, அங்கயே இருக்கச் சொல்லு" என்று பதில் வந்தது. ஆர்டரைப் பற்றி ஜாடையாகக் கேட்டதற்கு, எந்தத் துறையில் என்று முதலில் முடிவாகட்டும் என்றார்கள். கிளை எதுவென்று சொல்லாமல் ஒரு பெயரை அந்த மரத்தில் வைக்க முடியாது. இத்தனை வருடமாக அந்தக் கல்லூரியில் தனக்கு இருந்த ஒரே இடம் இன்னாருடைய ஆள் என்பது மட்டும்தான் என்று அந்த ஏ.சி. குளிரில் உட்கார்ந்திருந்த மாதவராஜுக்குத் தெரிந்தது.

"ஆர்டர் வந்துச்சாங்க?" என்று கோகிலவாணி போனில் கேட்டாள். தையல் மெஷின் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் கேட்டாள். "சிக்னல் சரியில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தக் கட்டடத்தின் சிக்னலுக்கும் அவர்தான் பொறுப்பு.

வேலையை விட்டு யாரும் அவரை அனுப்பவில்லை. அனுப்பினால் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? ஆக, தினமும் வருகிறார். எல்லாருக்கும் திறக்கும் கதவு அவருக்குத் திறக்காது. அதனால் நாகன் அவருக்கு விசிட்டர் பாஸ் போட வேண்டியிருக்கிறது. விசிட்டர் என்றால் யாரைப் பார்க்க வந்தார் என்று போட வேண்டும். அந்த ஆள் தன் போனில் சரி என்று அழுத்தினால்தான் கதவு திறக்கும். முதல் நாள் மெக்கானிக்கல் தலைவர் பெயரைச் சொன்னார், அவர் அழுத்தவில்லை. நிர்மலா மேடம் வகுப்பில் இருந்தார். மேனேஜர் போனையே எடுக்கவில்லை.

"வேற யாரச் சொல்றதுங்க சார்?" என்றான் நாகன். பின்னால் மாணவர்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

மாதவராஜ் வெயிலில் நின்று யோசித்தார். சாவிக் கொத்தைக் கையால் பிடித்து, சத்தம் வராமல் அமுக்கிக்கொண்டார்.

"சந்தியா மேடத்தப் பாக்க வந்திருக்கேன்னு போடுப்பா."

நாகன் போட்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவனுடைய போன் சிணுங்கியது. எடுத்துக் கேட்டான்.

"டீ குடிச்சிட்டு அழுத்தறாங்களாம் சார். நிழல்ல நில்லுங்க."